கைப்பேசியைத் திறக்கும் அதிகாரம்: எல்லையிலும் ஊருக்குள்ளும்

(மயிலாப்பூரில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

வக்கீல்களும் சட்டம் படிக்காதவர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கும் அவை இது. இருவருக்கும் பொதுவான ஒரு பொருள் இந்த உரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி கையை நீட்டி, "போனை அன்லாக் பண்ணிக் கொடுங்க" என்று கேட்டால், அந்த அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் முடிகிறது?

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் ஏராளம். பேரப்பிள்ளையைப் பார்க்க நியூ ஜெர்சிக்கோ கலிபோர்னியாவுக்கோ கிளம்பும் பெரியவர்கள் பெட்டி கட்டுவதில் கைதேர்ந்தவர்கள். பெட்டிக்கு 23 கிலோ என்று இரண்டு தடவை எடை பார்ப்பார்கள். பருப்புப்பொடியையும் ஊறுகாயையும் கசியாமல் சுற்றுவார்கள். மாத்திரைகளோடு டாக்டர் சீட்டை மேலாக வைப்பார்கள். பழமும் விதையும் அமெரிக்கச் சுங்கத்தில் தடுக்கப்படும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கைப்பையில் இருக்கும் போனைத் திறந்து பார்க்கவும் அதே சுங்கத்துக்கு அதிகாரம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

அந்தப் போனுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மந்தைவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரின் போன் என்று வைத்துக்கொள்வோம். கேலரியில் ஆதார், பான் அட்டைகளின் படம். வாட்ஸ்அப்பில் மனைவியின் பயாப்ஸி ரிப்போர்ட், பிடிஎஃப் ஆக. மகளின் விவாகரத்து வழக்கு பற்றி வக்கீலுக்கு அனுப்பிய குரல் பதிவு. வீட்டு வாடகை, தங்கைக்குக் கொடுத்த கடன், டிரஸ்ட் கணக்கு. குடும்பக் குழுவில் மூன்று தலைமுறையின் சண்டையும் சமாதானமும். தேர்தல் சமயத்தில் யாரோ அனுப்பி, அவர் திறந்தே பார்க்காத நூறு வீடியோக்கள். கடந்த சில ஆண்டுகளில் அவர் எந்தத் தெருவுக்கு எப்போது போனார் என்ற வரைபடம்.

இவற்றில் பெரும்பகுதி அவரைப் பற்றியதே அல்ல. மனைவி, மகள், தங்கை, வக்கீல், பக்கத்து வீட்டுக்காரர் என்று விமான நிலையத்துக்கே வராதவர்களின் விவரங்கள் அவை. ஒரு போன் திறக்கப்படும்போது, விமானமே ஏறாத பல பேர் சேர்ந்து சோதிக்கப்படுகிறார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. இந்த உரையின் வாதம் முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல் நிற்கிறது.

கடல் கடந்த எல்லைகள்

அமெரிக்காவின் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை 2017 நிதியாண்டில் பயணிகளின் மின்னணுச் சாதனங்களை ஏறக்குறைய 30,200 முறை சோதித்தது. 2024 நிதியாண்டில் அது 47,047 ஆனது. நாட்டுக்குள் வருபவர்களின் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான். பயந்து நடுங்க வேண்டிய எண் அல்ல. ஆனால் அந்த ஒருவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் விதிதான் முக்கியம்.

2018 ஜனவரி 4 அன்று அந்தத் துறை வெளியிட்ட ஆணை சோதனையை இரண்டாகப் பிரிக்கிறது. அதிகாரி போனைக் கையில் வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது அடிப்படைச் சோதனை. இதற்குச் சந்தேகமே தேவையில்லை. வேறொரு கருவியை இணைத்து உள்ளே இருப்பதைப் படியெடுத்து ஆராய்வது மேம்பட்ட சோதனை. இதற்கு நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ வேண்டும், மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, சாதனத்துக்குள் இருப்பதை மட்டுமே பார்க்க வேண்டும். கிளவுடில் இருப்பதைத் தொடக்கூடாது. போனை எடுத்து வைத்துக்கொண்டால் ரசீது தர வேண்டும்; சாதாரணமாக ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குறைகள் உள்ள ஆணைதான். ஆனால் எழுதப்பட்ட ஆணை. பயணியும் அவருடைய வக்கீலும் அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்க முடிகிறது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? 2017 ஜனவரி இறுதியில், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகப் பொறியாளர் சித் பிக்கண்ணவர் சிலி நாட்டிலிருந்து ஹூஸ்டன் வந்திறங்கினார். பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். அவர் கையில் இருந்தது நாசா கொடுத்த போன். அதன் கடவுக்குறியீட்டைக் கேட்டு வாங்கி, போனை எடுத்துச் சென்று, பிறகு திருப்பித் தந்தார்கள். 2025 மார்ச்சில் பாஸ்டன் விமான நிலையத்தில், லெபனான் நாட்டவரான சிறுநீரக மருத்துவர் ராஷா அலவியே திருப்பி அனுப்பப்பட்டார். அவர் போனில் அழித்த படங்கள் தங்கும் பகுதியில் ஹிஸ்புல்லா தலைவர்களின் படங்கள் இருந்ததாக அரசு நீதிமன்றத்தில் சொன்னது. அதே மாதம் ஒரு பிரெஞ்சு விஞ்ஞானிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. டிரம்ப் அரசின் ஆராய்ச்சிக் கொள்கை பற்றி அவர் போனில் எழுதியிருந்த கருத்தே காரணம் என்று பிரான்ஸ் அமைச்சர் குற்றம் சாட்டினார். அதை மறுத்த அமெரிக்கா, ஓர் ஆய்வகத்தின் ரகசியத் தகவல் அவரிடம் இருந்ததாகச் சொன்னது. குடிமகனாக இருந்தால் போன் போனாலும் ஆள் உள்ளே போய்விடலாம். விசாவில் போகிறவருக்கு அந்த உறுதி கிடையாது.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தின் 7ஆம் அட்டவணை, துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சந்தேகம் எதுவும் இல்லாமலே ஒருவரை நிறுத்தி விசாரிக்க இடம் தருகிறது. பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டின் துணைவர் டேவிட் மிராண்டா 2013 ஆகஸ்ட் 18 அன்று ஹீத்ரோவில் ஒன்பது மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டார். அவரிடமிருந்த சாதனங்கள் பறிக்கப்பட்டன. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பத்திரிகைத் தகவல்களுக்கு அந்த அட்டவணையில் போதிய பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. நியூசிலாந்து 2018இல் வேறு வழியில் சென்றது. கடவுச்சொல் தர மறுத்தால் 5,000 டாலர் வரை அபராதம் என்று கடுமையாக எழுதிய அதே சட்டத்தில், நியாயமான சந்தேகம் இருந்தால்தான் சாதனத்தைத் தொடலாம் என்றும் எழுதியது.

கனடாவின் அனுபவம் நமக்கு மிகவும் பயன்படும். அங்கே சுங்கச் சட்டம் மின்னணுச் சாதனத்தையும் பெட்டி, துணிமணிபோல ஒரு 'சரக்கு' என்றே வைத்திருந்தது. சரக்கைப் பிரித்துப் பார்க்க அதிகாரிக்குத் தடையில்லை. 2020இல் கேன்ஃபீல்டு வழக்கில் ஆல்பர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம், சாதனங்களுக்குள் எல்லையில்லாமல் தேட அனுமதிக்கும் அளவுக்கு அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று சொல்லிவிட்டது.

எல்லைச் சோதனை என்பது விமானம் இறங்கும் இடத்தில்தான் தொடங்குகிறது என்ற எண்ணமும் இப்போது பழையதாகிவிட்டது. அமெரிக்க விசா விண்ணப்பத்தில் ஐந்தாண்டு காலச் சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களை 2019 முதல் கேட்கிறார்கள். 2025 ஜூனில், மாணவர், பரிமாற்ற விசா கேட்பவர்கள் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். டிசம்பரில் அது எச்-1பி, எச்-4 விசாக்களுக்கும் நீண்டது. அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தின் வாசலில் கோப்போடு நிற்கும் மாணவி, அங்கே வருவதற்கு முன்பே தன் இன்ஸ்டாகிராமின் பூட்டைக் கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் என்ன சட்டம்?

இந்தியச் சுங்கச் சட்டம் 1962இல் வந்தது. கடத்தல் தங்கமும் கைக்கடிகாரமும் மனதில் கொண்டு எழுதப்பட்ட சட்டம். அதில் உடல் சோதனைக்கு எத்தனை பாதுகாப்புகள் இருக்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 102ஆம் பிரிவின்படி, சோதனைக்கு உள்ளாகிறவர் கேட்டால் அவரை அருகிலுள்ள கெஜட்டட் சுங்க அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ தாமதமில்லாமல் அழைத்துச் செல்ல வேண்டும். சாட்சிகள் இருவர் வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். வயிற்றுக்குள் தங்கத்தை விழுங்கி வந்திருக்கிறார் என்று சந்தேகம் எழுந்து, அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லையென்றால், எக்ஸ்-ரே எடுக்க 103ஆம் பிரிவு மாஜிஸ்திரேட்டின் உத்தரவைக் கேட்கிறது.

போனுக்குள் இருப்பதைப் படிப்பதற்கு இப்படி ஒரு பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. சட்டத்தின் கண்ணில் போன் ஒரு சரக்கு. தீர்வை கட்ட வேண்டுமா, வேண்டாமா என்பதே கேள்வி. வழக்குக்குப் பயன்படும் ஆவணத்தையோ பொருளையோ கைப்பற்ற 110ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் சந்தேகம் எந்த அளவுக்கு இருக்க வேண்டும், எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது, எத்தனை நாள் வைத்திருக்கலாம், எடுத்த நகலை எப்போது அழிக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு அங்கே பதில் கிடையாது. ஒரு மனிதனின் வயிற்றை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க மாஜிஸ்திரேட் வேண்டும். அவனுடைய பத்து வருட வாழ்க்கையைப் பார்க்க ஒரு கை நீட்டல் போதும் என்ற நிலை நீடிப்பது சரியல்ல.

இதற்கு நேர் எதிராகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு நிற்கிறது. குறியாக்கம் செய்யப்பட்ட தகவலைத் திறந்து தரும்படி கட்டளையிட, 2009ஆம் ஆண்டு விதிகளின்படி உள்துறைச் செயலாளர் மட்டத்தில் எழுத்து உத்தரவு வேண்டும்; அதை மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். ஒரே பூட்டைத் திறக்க ஒரு சட்டம் தலைமைச் செயலகம் வரை போகச் சொல்கிறது. இன்னொரு சட்டம் வாயே திறக்கவில்லை.

திருவான்மியூர் முதல் கோட்டூர்புரம் வரை

இந்தியாவில் அந்தரங்க உரிமையின் வரலாற்றில் தென்சென்னைக்கு ஓர் இடம் உண்டு. திருவான்மியூரை மையமாகக் கொண்டு நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையில் தன் வரலாற்றை எழுதினார். அதில் சில அதிகாரிகளின் பெயரும் இருந்தது. 'நக்கீரன்' இதழ் அதை வெளியிட முனைந்தபோது சிறைத்துறைத் தலைவர் தடுத்துக் கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய ராஜகோபால் வழக்குத் தீர்ப்பு, ஒரு மனிதன் தொந்தரவின்றி விடப்படும் உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று தெளிவாகச் சொன்னது. வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. தனிமனித அந்தரங்கமும் பத்திரிகைச் சுதந்திரமும் ஒரே தாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று நிலைநாட்டினார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு சட்டம் இருக்க வேண்டும். நோக்கம் முறையானதாக இருக்க வேண்டும். செய்வது தேவைக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும். மீனம்பாக்கத்துப் போன் சோதனை இந்த மூன்றில் முதல் படியிலேயே இடறுகிறது.

அண்மை நிகழ்ச்சி ஒன்று கோட்டூர்புரத்தை ஒட்டி நடந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவருடைய அடையாள விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கசிவுக்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கத்தைக் காக்கத் தொடங்கிய அந்த விசாரணை, அறிக்கையைப் பார்த்த பத்திரிகையாளர்களை அழைத்து அவர்களுடைய போன்களைப் பறிமுதல் செய்வதில் போய் நின்றது. பத்திரிகையாளர்கள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் நீதிபதி ஜி.கே. இளந்திரையன் போன்களைத் திருப்பித் தர உத்தரவிட்டார். ஒருவருடைய அந்தரங்கத்தைக் காப்பாற்ற இன்னும் பலருடைய அந்தரங்கத்தைத் திறந்து போட வேண்டியதில்லை என்பது இந்த வழக்கு தரும் பாடம். அந்தப் போன்களுக்குள் செய்தி தந்தவர்களின் பெயர்களும் இருந்திருக்கும். வேறொரு வழக்கின் பாதிக்கப்பட்ட பெண்ணின் குரலும் இருந்திருக்கலாம்.

உச்ச நீதிமன்றத்திலும் இந்தப் பறிமுதல் பிரச்சினை நிற்கிறது. 2023 நவம்பரில் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அமர்வு, ஊடகத்தினரின் சாதனங்களைப் பறிமுதல் செய்வது கவலைக்குரிய விஷயம், வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்றது. அதுவரை சிபிஐயின் கையேட்டை மத்திய முகமைகள் பின்பற்றும் என்று அரசு டிசம்பரில் சொன்னது. கையேடு சட்டம் ஆகாது. இதற்கிடையே 2025இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம், சோதனையின்போது கடவுச்சொல் கிடைக்காவிட்டால் அதை மீறி மின்னஞ்சல், சமூக ஊடகம், கிளவுட் கணக்கு வரை நுழைய அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதிகாரத்தை எழுதுவதில் வேகம் இருக்கிறது. பாதுகாப்பை எழுதுவதிலும் அந்த வேகம் வேண்டும்.

கைரேகையும் கடவுச்சொல்லும்

குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்பின் 20(3). கைரேகை, கையெழுத்து மாதிரி தருவது சாட்சியம் ஆகாது என்று 1961இல் காத்தி காலு ஓகட் வழக்கில் பதினோரு நீதிபதிகள் சொன்னார்கள். மனதில் இருப்பதைப் பலவந்தமாக வெளியே எடுக்கும் நார்கோ சோதனை கூடாது என்று 2010இல் செல்வி வழக்கு சொன்னது. கடவுச்சொல் இந்த இரண்டில் எந்தப் பக்கம்? 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம், அது சாட்சியம் ஆகாது, ஆனால் போனைச் சோதிக்க நீதிமன்ற வாரண்ட் வேண்டும் என்றது. 2022இல் டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம், கடவுச்சொல் மனதில் இருப்பது, அதைக் கேட்டு வற்புறுத்த முடியாது, ஆனால் கைரேகையை வாங்கலாம் என்றது. இந்தக் குழப்பம் தீரும்வரை ஒரு நடைமுறை உண்மை மட்டும் உறுதி: விரலாலும் முகத்தாலும் திறக்கும் போனுக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவு.

பறிமுதல் செய்த சாதனத்தில் பிறகு எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதற்கு என்ன சாட்சி? அங்கேதான் ஹேஷ் மதிப்பு வருகிறது. உள்ளே இருக்கும் மொத்தத் தரவையும் ஒரு கணக்குக்குள் செலுத்தினால் 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரிசை கிடைக்கும். உள்ளே ஒரு கமா மாறினாலும் வரிசை முழுக்க மாறிவிடும். பறிமுதல் செய்யும் நிமிடத்திலேயே அதைக் கணக்கிட்டு, உரிமையாளர் கையில் எழுதிக் கொடுத்துவிட்டால் பிற்பாடு எதுவும் சேர்ந்ததா என்பதில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பறிமுதலுக்கு முன்பே நுழைந்ததை ஹேஷ் மட்டும் காட்டாது; ஆனால் அதைக் கண்டுபிடிக்கவும் மாறாத நகல் வேண்டும். பீமா கோரேகான் வழக்கில் கைதான செயற்பாட்டாளர் ரோனா வில்சனின் கணினிக்குள், அவர் கைதாவதற்கு முன்பே, உளவு மென்பொருள் வழியாகக் கோப்புகள் நுழைக்கப்பட்டிருந்தன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021இல் அறிக்கை தந்தது. தேசியப் புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. ஒரு கோப்பு எப்போது, எப்படி வந்தது என்பதில் ஒரு மனிதனின் பல ஆண்டுச் சிறைவாசம் தொங்கும்போது, நகல் எடுக்கும் முறையில் சிறு ஐயம்கூட இருக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் சான்றிதழ்ப் படிவம் ஹேஷ் மதிப்பைக் கேட்கிறது. அதே நாளில் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதியச் சொல்கிறது. போலீஸுக்கு வந்துவிட்ட இந்த ஒழுங்கு சுங்கக் கூடத்துக்கும் தெளிவாக வர வேண்டும்.

பயணி செய்யக்கூடியது

கையில் கொண்டுபோவதைக் குறைப்பதுதான் முதல் பாதுகாப்பு. தேவையில்லாத ஆதார், பான், மருத்துவக் கோப்புகளை வீட்டுக் கணினிக்கு மாற்றிவிடலாம். அழித்த படம் உடனே போய்விடுவதில்லை. ஐபோனில் முப்பது நாள், கூகுள் போட்டோஸில் காப்புப் பிரதி எடுத்த படங்கள் அறுபது நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதையும் காலி செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பின் குறியாக்கம் வழியில் ஒட்டுக்கேட்பதைத்தான் தடுக்கிறது. திறந்த போனில் எல்லாம் திறந்தே இருக்கும்.

விமானம் தரையிறங்குமுன் போனை முழுக்க அணைத்துவிடுவது நல்லது. மீண்டும் இயக்கி முதல் தடவை குறியீடு போடும்வரை உள்ளே உள்ள தரவின் பெரும்பகுதி பூட்டிலேயே இருக்கும். கைரேகையும் முகமும் அதுவரை வேலை செய்யாது. நான்கு இலக்கக் குறியீட்டில் பத்தாயிரம் வாய்ப்புகள்தான். ஆறு இலக்கத்தில் பத்து லட்சம். வக்கீல், மருத்துவர், பத்திரிகையாளர் ஆகியோர் தொழில் தகவல் இல்லாத தனிப் போனோடு பயணம் செய்வது கட்சிக்காரருக்கும் நோயாளிக்கும் செய்யும் கடமை.

அதிகாரி கேட்ட பிறகு எதையும் அழிக்கக் கூடாது. பொய் சொல்லவும் கூடாது. இரண்டும் தனிக் குற்றமாகிவிடும். சம்மதித்துத் தருகிறாரா, உத்தரவுக்குக் கட்டுப்பட்டுத் தருகிறாரா என்பதை மரியாதையாக வாய்விட்டுச் சொல்லலாம். அதிகாரியின் பெயர், பதவி, நேரம், ரசீது எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீடு திரும்பியதும் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும்.

கேட்க வேண்டியது

கடத்தலும் பயங்கரவாதமும் உண்மையானவை. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களைச் சுமந்து வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கும் அதிகாரிக்கு அதிகாரம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்த அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. சுங்கச் சட்டத்தில் 102ஐப் போல மின்னணுச் சாதனத்துக்கு ஒரு தனிப் பிரிவு வேண்டும். அதில் எழுத்து மூலமான காரணம், உள்ளே போய்த் தேட மாஜிஸ்திரேட்டின் அனுமதி, தேடும் பொருளின் வரம்பு, ஹேஷ் மதிப்போடு ரசீது, திருப்பித் தரக் கெடு, வழக்கில்லை என்றால் நகலை அழித்ததற்குச் சான்று, வக்கீல், மருத்துவர், பத்திரிகையாளர் தகவலுக்கு விலக்கு ஆகியவை இடம்பெற வேண்டும்.

சட்டத் திருத்தத்துக்கு நாடாளுமன்றம் வேண்டும், காலம் பிடிக்கும். அதற்குக் காத்திருக்காமல் மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியம் ஒரு சுற்றறிக்கையில் இவற்றில் பெரும்பாலானவற்றை இப்போதே செய்ய முடியும். எத்தனை சாதனங்கள் சோதிக்கப்பட்டன என்ற கணக்கை அமெரிக்கத் துறைபோல ஆண்டுதோறும் வெளியிடவும், எத்தனை திருப்பித் தரப்பட்டன என்பதை அதோடு சேர்க்கவும் அந்தச் சுற்றறிக்கையே போதும். இந்த அவையிலிருக்கும் வழக்கறிஞர்கள் அதற்கான வரைவை எழுத வேண்டும். குடியிருப்போர் சங்கங்களும் பத்திரிகையாளர் மன்றங்களும் அதில் கையெழுத்திட வேண்டும். சோதனைக்கு உள்ளாகும் பயணியின் உரிமைகளைத் தமிழிலும் எழுதி, சென்னை விமான நிலைய வருகைக் கூடத்தில் பெட்டி வரும் பட்டைக்குப் பக்கத்தில் வைக்கும்படி கேட்பதை அந்த வரைவின் முதல் கோரிக்கையாக வைக்கலாம்.